எந்தப் பக்கமாகச் சுற்றுவது

ஜூன் 2, திங்கள்

டாக்டர் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். தினமும் வலது கையால் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். என்ன எழுதுவது என்று கேட்டேன். "எதையாவது எழுதுங்கம்மா. மளிகை லிஸ்ட்டுகூடப் போதும். விரல் வேலை செய்யணும், அவ்வளவுதான்" என்றார். மளிகை லிஸ்ட் எழுத எனக்கு இஷ்டமில்லை. வாளைப் பற்றி எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் கணபதி சிக்னல் தாண்டி ஒரு நாய்க்காக ஸ்கூட்டரை ஒடித்து விழுந்தேன். நாய் பிழைத்தது. என் வலது முழங்கை உடைந்து, ஒட்டி, இப்போது சரியாகிவிட்டது. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் கொஞ்சம் மரமரப்பு பாக்கி. கொஞ்சம்தான்.

ஜூலை 12 மாநில வாள்வீச்சுப் போட்டி, இந்த முறை எங்கள் கோவையிலேயே. முதல் நான்கு பேருக்குள் வந்தால் தமிழ்நாடு அணி. ஆறு வருஷம் அந்த அணியில் ஆடியிருக்கிறேன். இப்போது எனக்கு முப்பத்தொன்று. இந்த முறை தவறினால் மேசைப் பக்கம் வந்துவிடு என்று கோச் தேவசகாயம் சார் சொல்லியிருக்கிறார். மேசைப் பக்கம் என்றால் நடுவர் தேர்வு எழுதி, கோட்டு மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் குத்திக்கொள்வதை வேடிக்கை பார்ப்பது. எனக்கு வேண்டாம்.

ஒரே பிரச்சினை வாளின் பிடி. பிடித்த பிடியில் நிற்காமல் நழுவுகிறது. பழைய தோல் சுற்று வழவழவென்று ஆகிவிட்டது. இன்று அதைக் கத்தியால் கீறி உரித்துப் போட்டேன்.

ஜூன் 4, புதன்

புதுத் தோல் சுற்றினேன். பயிற்சியில் இரண்டு முறை வாள் கீழே விழுந்தது. தோல் வியர்வையை உறிஞ்சவில்லை, அதுதான் காரணம்.

நான் ஆடுவது எப்பே என்கிற வகை வாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. என்னுடையது நேரான குச்சிப் பிடி, பின்னால் ஒரு இரும்புக் குமிழ், முன்னால் கையை மறைக்க ஒரு கவிழ்த்த கிண்ணம். பிஸ்டல் மாதிரி வளைந்த பிடியும் உண்டு, விரல் விரலாகப் பொருந்தும். அதற்கு மாறச் சொன்னார் சார். பதின்மூன்று வருஷமாக நேர்ப்பிடியில் ஆடுகிறவளிடம் போய் இதைச் சொல்லலாமா? பிடியைத்தான் சரிசெய்ய வேண்டும் என்றேன்.

"ஆடத் தெரியாதவ தரை கோணல்ன்னாளாம்" என்றார் சார். நாகர்கோவில்காரர். இதைச் சொன்னபோதுகூடச் சிரிக்கவில்லை.

ஜூன் 7, சனி

தோலை உரித்துவிட்டுப் பருத்தி நாடா சுற்றினேன். அரை மணியில் ஈரத்துணி போல் ஊறிப்போனது. அதையும் உரித்தேன்.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றுகிற டேப் கேட்டேன். கடைக்காரர் கைக்குழந்தையை வாங்குவது போல் வாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நீங்க சோத்தாங்கைங்களா, பீச்சாங்கைங்களா?" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"கையப் பொறுத்துத்தானுங்க சுத்தோணும். சோத்தாங்கைக்கு இந்தப் பக்கம், பீச்சாங்கைக்கு அந்தப் பக்கம். மாத்திச் சுத்திட்டா பிடிக்கப் பிடிக்க டேப்பு ஓரம் எந்திரிச்சு கைய அறுக்கும்."

"சோத்தாங்கைதானுங்க" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் பந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

பச்சை நிற டேப். நன்றாகத்தான் இருக்கிறது. மாலையில் ஒரே ஒரு முறைதான் விழுந்தது.

ஜூன் 8, ஞாயிறு

அவிநாசியிலிருந்து அம்மா வந்திருந்தாள். மதியம் பருப்புச் சோற்றை இடது கையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டேன். வலது கையில் கத்தி கீறிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். கீறலைக் காட்டு என்று அம்மா கேட்கவில்லை, அந்த மட்டில் சந்தோஷம்.

"கையி ஆறுனதும் அந்தப் பழக்கத்த விட்டுப்போடு. ஒரம்பரை சனம் முன்னால பீச்சாங்கையில உண்டீன்னா என்ர வளர்ப்பத்தான் பேசுவாங்க."

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. நாலு வயதில் பென்சிலை இடது கையில்தான் எடுத்தேனாம். அம்மா அந்தக் கையில் தினமும் வேப்பெண்ணெய் தடவுவாள், வாய்க்குப் போனால் கசக்கும். எழுத உட்கார்ந்தால் பாவாடை நாடாவால் அந்தக் கையை இடுப்போடு கட்டுவாள். ஒரு வருஷத்தில் மாற்றிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அவிநாசியில் அன்றைக்கு எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அந்தக் கசப்பு எனக்கு மறக்கவில்லை.

ஜூன் 11, புதன்

பேனா கசிகிறது. இடது உள்ளங்கை ஓரமெல்லாம் மை.

ஜூன் 14, சனி

கிண்ணத்தைப் பார்த்தேன். பதின்மூன்று வருஷக் குத்தில் நசுங்கி, வியர்வையில் கறுத்து, கறிச்சட்டி மாதிரி இருந்தது. வாளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? மரியாதை இருந்தால் கையும் ஒழுங்காக நிற்கும்.

என் வீட்டுக்காரர் தினகரன் கணபதியில் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஜன்னல் கிரில், பம்ப்செட் மூடி, நாற்காலிக் கால், எது வந்தாலும் பொடி தூவி அடுப்பில் வேகவைத்து வழவழவென்று அனுப்புவார். கிண்ணத்தைக் கொடுத்ததும் முகமெல்லாம் பல். நிற அட்டையை எடுத்துவந்து சோபாவில் விரித்தார். நூற்றிருபது நிறம் இருக்கிறது. ஒரு மணி நேரம் பார்த்தோம். கல்யாணப் புடவைக்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை. மயில்கழுத்து நீலம் எடுத்தேன்.

"உள்பக்கம் மட்டும்தாங்க. வெளிய ஒரு பொட்டு பெயின்ட் படக் கூடாது. எதிராளி முனை வெறும் உலோகத்துல பட்டா மெஷினு விளக்கு எரியாது. பெயின்ட் மேல பட்டா, அது சட்டையோ தோலோன்னு நெனச்சு விளக்குப் போட்டுரும். எனக்குப் பாயின்ட் போயிரும்" என்று இரண்டு முறை சொன்னேன்.

"செரி கோகி. வெளிய பாலீஷ் மட்டும்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

கிண்ணம் வந்துவிட்டது. வெளியே முகம் பார்க்கலாம். உள்ளே நீலம், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அவரே கோத்து முடுக்கிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவரிடம் வெங்காயம் என்றேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். வேகமாக நறுக்குகிறாயே என்று என் கையைப் பார்த்தபடி சொன்னார். அடுப்பில் குழம்பு பொங்கியது, இறக்கப் போனேன்.

ஜூன் 19, வியாழன்

ஷிரினிடம் 15–6 என்று தோற்றேன். உக்கடத்துப் பெண், இருபத்திரண்டு வயது, எங்கள் கிளப்பில் எனக்கு அடுத்த இடம் என்று போன வருஷம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். பதினைந்தில் எட்டு என் மணிக்கட்டில். டங் என்று கிண்ணத்தில் சத்தம் கேட்கிறது, விளக்கும் எரிகிறது. கிண்ணத்தில் சறுக்கி மணிக்கட்டில் விழுந்திருக்கும்.

பச்சை டேப்பை உரித்துவிட்டுச் சொரசொரப்பான ரப்பர் சுற்றினேன்.

ஜூன் 21, சனி

15–5. மறுபடி மணிக்கட்டு. ஷிரின் முகமூடியைக் கழற்றி என்னவோ சொல்ல வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை.

முடிந்ததும் சார் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். நடுவர் தேர்வுக்கான விண்ணப்பம். "கை மெதுவாயிட்டுது கோகிலா. இதுல ஒரு வெக்கமும் இல்ல. கடைசித் தேதி முப்பது" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் அன்பாகப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தோசை மாவு ஆட்டினேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

மூன்றாவது புள்ளியில் டங் என்றது, விளக்கு எரிந்தது. ஷிரின் வாளைக் கீழே இறக்கி, "அக்கா, இது உங்க கையில படல. எனக்குத் தெரியும், கிண்ணத்துலதான் பட்டுச்சு. போன ரெண்டு தடவையும் அப்படித்தான். சொல்ல வந்தேன், நீங்க போய்ட்டீங்க" என்றாள்.

சார் வந்தார். ஷிரின் வாளை வாங்கி, அதன் முனையை என் கிண்ணத்தில் வைத்து அழுத்தினார். விளக்கு எரிந்தது. எரியவே கூடாது. வண்டிச் சாவியால் கிண்ணத்தின் மேல் ஒரு கோடு கிழித்தார். வெங்காயச் சருகு மாதிரி நிறமில்லாத ஒரு தோல் உரிந்து வந்தது.

"இது என்னது?"

எனக்குப் புரிந்துவிட்டது. கிளியர் கோட். பாலீஷ் மங்காமல் இருக்கப் பூசுகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. பாருங்கள் சார், என் கை மெதுவாகவில்லை, இந்தப் பூச்சுதான் என்னைத் தோற்கடித்தது என்று சொன்னேன். ஷிரினும் சிரித்தாள்.

சார் சிரிக்கவில்லை. "குத்துன பிள்ளைக்கு, குத்து எங்க பட்டுதுன்னு அவ கையிலேயே தெரிஞ்சிருக்கு. குத்து வாங்குனவ நீ. உன் மணிக்கட்டுல படவே இல்லன்னு உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

பிடியில் ரப்பர் ஓரம் எழும்பியிருந்தது, அதை நகத்தால் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்து உலுக்கினேன். "வெளிய ஒண்ணும் பூசக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னேனே!"

"கலரு ஒண்ணும் பூசலையே கோகி. கிளியரு தானே. நம்ம பட்டறையில இருந்து வெறும் உலோகமா ஒரு சாமான் வெளிய போனதில்ல. உன்ர கிண்ணத்த மட்டும் எப்படி அப்படி அனுப்பறது? வேர்வை பட்டு மறுபடி கறுத்துப்போகுமேன்னு..." பாதியில் நிறுத்திவிட்டார். அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் முடியவில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தோம். பளபளப்பு போய்ச் சாம்பல் தேய்த்த பாத்திரம் மாதிரி கீறல் கீறலாக ஆகிவிட்டது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம், கிர்ரென்றது. இனி சரி.

ஜூன் 26, வியாழன்

கிண்ணம் சரி. சுற்று சரி. வாள் விழவில்லை, ரப்பர் நன்றாகப் பிடிக்கிறது.

ஷிரினிடம் 15–7 என்று தோற்றேன். மணிக்கட்டில் பட்ட ஆறும் உண்மையாகவே மணிக்கட்டில் பட்டவை. இரண்டு நீலத் தடிப்பு இருக்கிறது, குளிக்கும்போது பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வலிக்கவில்லை. வலிக்க வேண்டும், ஆனால் வலிக்கவில்லை.

குறை சொல்ல இனி ஒரு சாமானும் பாக்கி இல்லை. எழுதிவிடுகிறேன்: என் வலது கையில் இரண்டரை விரல் செத்துப்போய்விட்டது. கடைசி இரண்டு விரல்தான் நேர்ப்பிடியை நடத்துகிற விரல்கள். மார்ச்சிலேயே டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்து, இதற்கு மேல் அதிகம் திரும்பாது என்று சொல்லிவிட்டார். சட்டைப் பொத்தானைக்கூட அந்தக் கையால் போட முடியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

விடிந்ததும் மாடிக்குக் கொண்டுபோக வாளை எடுத்தேன். பிடியில் புது டேப் சுற்றியிருந்தது. கறுப்பு, மெலிசு, ஒரு மடிப்பு இல்லை. அவர் வேலைதான், பட்டறைக்காரர் சுற்று. வலது கையில் பிடித்தேன். ஓரம் உறுத்தியது. இத்தனை சுத்தமாகச் சுற்றிவிட்டு ஓரத்தில் கோட்டைவிட்டாரே என்று இடது கைக்கு மாற்றினேன்.

இடது கையில் உறுத்தவில்லை. அந்தப் பக்கமாகத்தான் சுற்றியிருந்தார்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் காபியோடு வந்தார்.

"எப்பத் தெரியும்?"

"பிப்ரவரில இருந்து. மொட்டமாடிச் செவுத்துல பொட்டுப் பொட்டாக் குத்து. தரையில தேஞ்ச தடத்தப் பாத்தா இடது காலு முன்னால. நீ வழக்கமா வலது கால முன்ன வெக்கறவ."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லல. நான் எப்படிக் கேக்கறது? கேட்டா நிறுத்திப்போடுவீன்னு பயம்." காபியைக் கீழே வைத்துவிட்டு, "கிண்ணத்துல தப்புப் பண்ணிட்டேன். இதையாவது சரியாச் சுத்தோணும்னு அந்தக் கிராஸ்கட் ரோட்டுக் கடைக்காரருகிட்டப் போய்க் கேட்டுக்கிட்டு வந்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இந்த முறை வெங்காயம் என்று சொல்லவில்லை.

அதனால் இதையும் எழுதுகிறேன். பிப்ரவரியிலிருந்து தினமும் விடியற்காலை இரண்டு மணி நேரம் இடது கையால் சுவரைக் குத்துகிறேன். வெறும் உடற்பயிற்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வலது தோளுக்கு ஓய்வு என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். டாக்டர் வலது கையால் எழுதச் சொன்ன இந்த நோட்டில் ஜூன் 11லிருந்து ஒரு வரிகூட வலது கையால் எழுதியதில்லை. பேனா கசியவே இல்லை.

ஜூன் 30, திங்கள்

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். காலியான தாளைச் சாரிடமே கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி குத்திப் பார்த்தது முதல் மாடிச் சுவர் வரை.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பத்து மாசமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்க. நான் உனக்கு யாரு? இப்படி ஒரு கையோட ஆடுனவள நான் தினம் திட்டியிருக்கேனே." பிறகு வாளை வாங்கிப் பிடியைப் பார்த்தார். "யாரு சுத்துனது?"

"வீட்டுக்காரருங்க."

"நல்லாச் சுத்தியிருக்காரு" என்றார். ஷிரினைக் கூப்பிட்டு எதிரில் நிற்கச் சொன்னார். இடது கையால் ஆடி 15–9 என்று தோற்றேன். ஒன்பது! சார் போட்டிக்கான பெயர்ப் பட்டியலை எடுத்து, என் பெயருக்கு நேரே 'வலது' என்றிருந்ததை அடித்து 'இடது' என்று எழுதினார். "நாலுக்குள்ள வருவேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா போய் ஆடு."

ஜூலை 5, சனி

ஷிரினிடம் 15–13. அவளுக்கு எரிச்சல், எந்தப் பக்கம் திரும்பினாலும் என் வாள் தப்பான இடத்தில் இருக்கிறதாம். அவளிடம் நல்ல செய்தி என்றேன்.

கிண்ணத்தை மறுபடி பாலீஷ் போட்டுத் தரட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கீறலோடு இருக்கட்டும், உள்ளே நீலம் இருக்கிறதே.

ஜூலை 10, வியாழன்

அம்மா போன் செய்தாள், போட்டி பார்க்க வருகிறாளாம். இதுவரை ஒரு முறையும் வந்ததில்லை. நான் எந்தக் கையால் ஆடப்போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பஸ் நேரத்தை மட்டும் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கை வலி. இடது கை. நன்றாக வலிக்கிறது.

காலையில் ஆயுதச் சோதனை. மெஷினை வைத்துக் கிண்ணத்தைச் சுற்றிலும் தொட்டுப் பார்த்தார்கள். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். முதல் சுற்று ஆறு ஆட்டத்தில் மூன்று ஜெயித்து ஒட்டிக்கொண்டேன். அடுத்த இரண்டையும் எப்படியோ ஜெயித்தேன். காலிறுதியில் சென்னைப் பெண் யாழினி. அவளை ஜெயித்தால் நாலுக்குள், தோற்றால் மேசை. ஐந்து வருஷமாக என் வலது கையைப் பார்த்துப் பழகியவள். கோட்டில் வந்து நின்றதும் என் கையைப் பார்த்தாள், பிறகு திரும்பித் தன் கோச்சைப் பார்த்தாள்.

5–1 என்று முன்னால் போனேன். அவள் கெட்டிக்காரி, பழகிக்கொண்டாள். 9–9. 12–14. சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்று அவள் காலில், ஒன்று தோளில். 14–14.

கடைசிப் புள்ளி. அவள் முனை நேராக என் மணிக்கட்டுக்கு வந்தது. டங். கிண்ணத்தின் கீழ் விளிம்பு. அது எனக்குத் தெரிந்தது. காதில் கேட்டதைச் சொல்லவில்லை. உள்ளங்கையில் தெரிந்தது, மோதிர விரலில் தெரிந்தது, சுண்டு விரலில் தெரிந்தது. கையில் படவில்லை, கிண்ணத்தில்தான் பட்டது என்று விளக்கைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அவளோ விளக்கு எரியும் என்று நினைத்து ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணம் போதும். கையை நீட்டினேன்.

என் பக்க விளக்கு மட்டும் எரிந்தது.

அரையிறுதியில் 15–7 என்று சக்கையாகத் தோற்றேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நாலில் ஒருத்தி, அணியில் ஒருத்தி. ஷிரினும் வந்துவிட்டாள், அவள் இரண்டாவது. சார் என் தோளைத் தட்டிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "தரை கோணல்தான் போல" என்றார்.

அம்மா கேலரிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவர், ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்தபடி. நான் போய் அம்மா காலடியில் உட்கார்ந்தேன். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கப் பயமாகவும் இருந்தது. அம்மா டம்ளரில் காபி ஊற்றினாள். நான் வலது கையை நீட்டினேன். பெரியவர்களிடம் வாங்குவது என்றால் அந்தக் கைதானே, சின்ன வயதுப் பழக்கம். டம்ளர் விரலில் நிற்காமல் ஆடியது. ஒரு சொட்டு அம்மாவின் புடவையில் விழுந்தது.

அம்மா டம்ளரைத் திரும்ப வாங்கினாள். என் வலது கையைப் பிடித்து, சுண்டு விரலை மடக்கிப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள், நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"எத்தன நாளா சாமி?"

"ஆகஸ்டுல இருந்தும்மா."

அந்தக் கையை என் மடியில் வைத்தாள். இடது கையை இழுத்து, உள்ளங்கையை முந்தானையால் துடைத்து, டம்ளரை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அவளே மூடினாள்.

"இந்தக் கையில குடி கண்ணு" என்றாள். "சிந்தாது."